ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் என் மாமாவின் மூக்கும்

போன மாதம் சரவணம்பட்டியில், சத்தி ரோட்டோர பேக்கரி ஒன்றில் ஒரு தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு வருகிறவள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங், நான்காம் ஆண்டு. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் தொடவே இல்லை.

"ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கறதுன்னு தெரியலைங்ண்ணா" என்றாள்.

"பேட்ச்ல என்ன சொல்றாங்க?"

"நாங்க நாலு பேருங்ண்ணா. மத்த மூணு பேரும் செப்டிக் டேங்க் க்ளீன் பண்ற மெஷின் எடுக்கலாம்ங்கறாங்க. கைடும் சரின்னுட்டாரு. ‘நல்ல சோஷியல் டாபிக். உனக்கு ஃபீல்டு தெரியுமே, போய்ப் பேசறது, டேட்டா எடுக்கறதெல்லாம் நீ பாத்துக்கம்மா’ன்னு சொல்றாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கு எப்படிங்ண்ணா ஃபீல்டு தெரியும்? எங்கப்பா தறி ஓட்டறாரு."

அவளுடைய அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர். வாழ்நாளில் ஒரு சாக்கடைக்குள்ளும் இறங்கியதில்லை. கைடுக்கு அது தெரியாது. அட்மிஷன் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே எஸ்சிஏ என்று இருப்பது தெரியும். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தக் கைடு கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அந்த மூன்று பையன்களும் அப்படித்தான். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. காரணம், என் கதை இதற்கு நேர் எதிரானது. எனக்கு ஃபீல்டு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தெரியாதவன் போல நடித்தேன்.

*

அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-ல் சட்டமானது. 2010-ல் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். வீட்டில் முதல் பட்டதாரி. சரவணம்பட்டி அப்போது பேரூராட்சி. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2011-ல், அதைக் கோவை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஐடி கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அதன் பின்னாலேயே அடுக்குமாடிகள், விடுதிகள், பிஜிக்கள். நான் தங்கியிருந்த தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு கட்டடத்துக்கு அடியிலும் ஒரு செப்டிக் டேங்க். டேங்க் நிறைந்தால் லாரி வரும். லாரியால் முடியாததை முடிக்க என் தாய்மாமா மாதிரி ஒருவர் வருவார்.

மாமா பகலில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூப்பிட்ட இடத்துக்குப் போவார். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவோம். கல்லூரியில் நான் அந்தத் தெலுங்கைக்கூட மறைத்தேன். அம்மா போன் செய்தால் வராந்தாவின் கடைசிக்குப் போய்த்தான் எடுப்பேன்.

மாமா ஒருமுறை சொன்னார்: "மாப்ளே, குழிக்குள்ள நாத்தம் அடிச்சா பயமில்ல. அடிச்சிட்டிருந்த நாத்தம் திடீர்னு நின்னு போச்சுன்னா மேல ஏறிரணும். அதுக்கப்புறம் நின்னா நீ திரும்ப மாட்டே." கூட வேலை செய்த ஒருவரை அப்படி இழந்த பிறகு அவர் கற்றுக்கொண்ட விதி அது.

மூன்றாம் ஆண்டில் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி பாடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு. காற்றைவிடக் கனம். அதனால் குழியின் அடியில் தங்கும். காற்றில் பத்து லட்சத்தில் சுமார் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கின் நுகரும் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் வாயு கூடிக்கொண்டுதான் இருக்கும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். பள்ளிக்கூடம் போகாத என் மாமா அந்தப் பாடத்தை எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். வகுப்பில் அதை எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். நான் நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் ஆண்டு ஜீரோத் ரிவ்யூ வந்தது. ப்ராஜெக்ட் தலைப்பைச் சொல்லி ஒப்புதல் வாங்கும் நாள். அதற்கு முந்தைய வாரம் எங்கள் பேட்சில் நான் ஒரு யோசனை சொன்னேன். செப்டிக் டேங்குக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலே கொழுப்பு ஆடை மாதிரி மிதக்கும். நடுவில் தண்ணீர். அடியில் வருடக்கணக்கில் படிந்து இறுகிப்போன வண்டல். லாரியின் பம்பு வெற்றிடத்தை உண்டாக்கி உறிஞ்சுகிறது. எவ்வளவு நல்ல பம்பானாலும் காற்றழுத்தம் தள்ளித் தரும் அளவுக்குத்தான் இழுக்கும். கணக்குப்படி தண்ணீரையே பத்து மீட்டருக்கு மேல் அப்படி ஏற்ற முடியாது. களி மாதிரி இறுகிய வண்டல் குழாயின் வாய்க்கே வராது. தண்ணீர் போய்விடும், வண்டல் நிற்கும். அப்போதுதான் வீட்டுக்காரர் "ஆளை இறக்கிச் சுத்தமா எடுங்க" என்பார். அந்த வண்டலை மேலே இருந்தே கலக்கிக் கரைத்துவிட்டால் ஆள் இறங்கத் தேவையில்லை. அதுதான் என் யோசனை.

பேட்சில் ஒருவன் மூக்கைச் சுளித்தான். "இந்த நாத்தம் பிடிச்ச சப்ஜெக்ட்டை எக்ஸ்டர்னல் முன்னாடி எப்படிடா ப்ரெசென்ட் பண்றது?" இன்னொருவன் கேட்டான்: "உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

"நெட்ல படிச்சேன்" என்றேன்.

அந்த ஒரு பொய்யோடு ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. நெட்டில் படித்தவனுக்கு அதற்காகச் சண்டை போடும் உரிமை ஏது? மாமாவின் பெயரைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொன்னால் நான் யாரென்று தெரிந்துவிடும். காந்திபுரத்தில் ரெடிமேடாக ப்ராஜெக்ட் செய்து தரும் ஓரிடத்துக்குப் போனோம். ஆளுக்கு மூவாயிரம் போட்டு, காற்றழுத்தத்தில் இயங்கும் தானியங்கிக் கார் பம்பர் ஒன்றை வாங்கினோம். மாடல், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து. என் பங்கை அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடம் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2013 செப்டம்பரில் நிறைவேற்றியது. அண்ணலின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்குவது அந்தச் சட்டத்தின் 7-ம் பிரிவின்படி குற்றம். முதல் முறை இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் தர வேண்டும் என்றது. அதே மார்ச் மாதத்தில் நாங்கள் பம்பர் மாடலுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம்.

வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த சிலிண்டரோட போர் சைஸை எப்படி முடிவு பண்ணீங்க?" நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைக்காரர்தான் முடிவு பண்ணினார். அதைச் சொல்ல முடியுமா? எண்பது மார்க் போட்டு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். "என்ன மெஷின் பண்ணுன மாப்ளே?"

"காருக்கு பம்பர், மாமா."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்மகிட்ட காரு ஏதுடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். நானும் சிரித்தேன்.

2017-ல் மாமா நுரையீரல் கெட்டு இறந்தார். வயது 51. குழிக்குள் சாகாததால் அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

*

நான் விட்ட அந்த யோசனையை வேறு ஆட்கள் செய்து முடித்ததைப் பின்னால் படித்தேன்.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஒரு மேன்ஹோலுக்குள் மயங்கி விழுந்த இரண்டு தொழிலாளிகளைக் காப்பாற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் உள்ளே இறங்கினார். மூவருமே இறந்தார்கள். மலக்குழி மரணங்களில் இது அடிக்கடி நடப்பது. காப்பாற்றப் போகிறவருக்கும் உள்ளே அதே வாயுதான் காத்திருக்கும். அந்தச் செய்தி கேரளத்தில் பொறியியல் படித்த சில இளைஞர்களை யோசிக்க வைத்தது. கல்லூரியில் மனித உடல் மேல் மாட்டிக்கொள்ளும் இயந்திரச் சட்டகம் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த அறிவை இந்தப் பக்கம் திருப்பினார்கள். மேன்ஹோலுக்குள் இறங்கும் ‘பெண்டிகூட்’ ரோபோ 2018-ல் திருவனந்தபுரத்தில் அறிமுகமானது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு செய்தி. சென்னை ஐஐடியின் ‘ஹோமோசெப்’. செப்டிக் டேங்கின் இறுகிய வண்டலை வெட்டிக் கலக்கி, பிறகு உறிஞ்சும் கருவி. டேங்கின் வாய் சின்னது, உள்ளே இடம் பெரியது. அதனால் மடங்கிய நிலையில் உள்ளே போய், தலைகீழாகப் பிடித்த குடை மாதிரி விரியும் கத்திகளை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தவுடன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அது ஒரு மாணவர் தன் முதுநிலை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக, மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில் தொடங்கியது. 2022-ல் முதல் இரண்டு கருவிகளை சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் உதவியோடு தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். மலக்குழியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமையில் இயங்கும் குழுக்கள் அவை.

சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. என் யோசனை அவ்வளவு பெரிதில்லை, அந்தக் குடை எனக்குத் தோன்றியிருக்காது. ஆனால் முதல் படி, அடியில் இருக்கும் வண்டலைக் கரைக்காமல் ஆள் இறங்குவது நிற்காது என்பது, 2013-லேயே எனக்குத் தெரிந்திருந்தது. அதை நெட்டில் படித்ததாகச் சொன்னவன் நான். ஒரு பொறியாளர் பல மாதம் கள ஆய்வு செய்து கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கண்டு வெட்கப்பட்டேன்.

*

இவ்வளவும் அந்தத் தங்கையிடம் சொன்னேன். சொன்ன பிறகு, "அதனால நீ செப்டிக் டேங்க்கையே எடு" என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு நடந்ததும் அவளுக்கு நடப்பதும் ஒரே நோயின் இரண்டு பக்கம். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியாமல் செய்தது சாதி. அவளுக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவைப்பதும் சாதி. தாத்தா காலத்தில் "குழிக்குள் இறங்கு" என்று நம் ஆட்களைத்தான் சொன்னார்கள். இன்று "குழிக்கான மெஷினை நீ பண்ணு, டேட்டாவுக்கு நீயே போ" என்று நம் பிள்ளைகளையே சொன்னால் என்ன மாறியிருக்கிறது? மற்ற மூவரும் ஏசி லேபில் சாலிட்வொர்க்ஸில் வரைவார்கள். இவள் மட்டும் லாரிக்காரர்களோடு தெருத்தெருவாகப் போக வேண்டும். வேலைப் பங்கீட்டிலேயே பழைய கணக்கு இருக்கிறது.

நடுவண் அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் எடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அந்தக் குழியை நிரப்புகிறவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. ஆகவே அதற்கான மெஷினைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் எல்லாச் சாதி இன்ஜினியருக்கும் உண்டு. முதல் பொறுப்பு நிரப்புகிறவர்களுக்கு.

"உனக்கு நிஜமா என்ன பண்ணணும்னு ஆசை?" என்று கேட்டேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் காது சரியாகக் கேட்பதில்லை. வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். தறியில் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு அடித்து எறியப்படுகிறது. போய் முட்டி நிற்கிறது. நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அந்த அடி. ஒரு கொட்டகையில் இருபது தறி. தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 90 டெசிபல். தறிக் கொட்டகை அதை எளிதாகத் தாண்டும். அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். "அந்த நாடா முட்டற இடத்துல ஏதாச்சும் டேம்பிங் குடுத்து சத்தத்தைக் குறைக்க முடியுமான்னு பாக்கணும்ங்ண்ணா. ஆனா இது சின்ன விஷயமா இருக்கேன்னு..."

சின்ன விஷயமா? எனக்கு அழுகை வராத குறை. கைடு சொன்னது சரிதான், அவளுக்கு ஃபீல்டு தெரியும். அது எந்த ஃபீல்டு என்றுதான் அவர் கேட்கவில்லை.

*

இதைப் படிக்கும் நான்காம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு, எந்தத் தலைப்பை எடுத்தாலும் சரி, அவளிடம் சொன்ன சில விஷயங்களை இங்கேயும் எழுதுகிறேன். மலக்குழி மெஷினை உதாரணமாக வைத்தே சொல்கிறேன். அதில்தான் தவறு செய்தால் உயிர் போகும்.

முதலில், அந்த மெஷினைக் கையில் பிடிக்கப்போகிறவரைப் பார்த்தாயா? ஒரு நாள் முழுக்க அவரோடு இரு. நான் சொன்ன ‘நாற்றம் நின்றால் ஏறிவிடு’ விதியை எடுத்துக்கொள். மூடியைத் திறந்து வாயு அளவு பார்த்துச் சரி என்று சொல்லும் சென்சார் ஒன்றைச் செய்கிறாய் என்று வை. வண்டலைக் கிளறும்போதுதான் உள்ளே சிக்கியிருக்கும் வாயு குபீரென்று வெளியே வரும். கிளறுவதற்கு முன் எடுத்த அளவு, கிளறிய பின் பொய். இதை உனக்கு எந்த டேட்டாஷீட்டும் முதலில் சொல்லாது. இறங்கியவர் சொல்வார். அப்படிச் சொன்னவருக்கு அவர் ஒப்புதலோடு ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் பெயர் போடு. கல்லூரித் தாளாளருக்குக் கீழே கடைசி வரியில் போடாதே. அவர்தான் உன் துறை வல்லுநர்.

இரண்டாவது, உன் மெஷின் எதோடு விலையில் போட்டி போடுகிறது? உறிஞ்சும் லாரி இந்த ஊரில் எப்போதோ வந்துவிட்டது. ஜெட்டிங் மெஷினும் இருக்கிறது. அப்புறம் ஏன் ஆள் இறங்குகிறார்? ஆளை இறக்குவது மலிவு, அவ்வளவுதான். லாரியை இரண்டாம் நடை கூப்பிடும் காசைவிட ஒரு மனிதனுக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுப்பது குறைவு. 2023 அக்டோபர் 20-ல் உச்ச நீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தியது. 1993-க்குப் பிறகு பதிவான மலக்குழி மரணங்களில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. அந்தச் சட்டமும் அந்தத் தீர்ப்பும் நிஜமாக அமலானால்தான் ஆளை இறக்குவது விலை கூடிய காரியமாகும். ஆகவே போராட்டம் வேறு, ப்ராஜெக்ட் வேறு என்று நினைக்காதே. சட்டம் அமலாகாத ஊரில் நல்ல மெஷின் குடோனில் துருப்பிடிக்கும். மெஷின் இல்லாத ஊரில் "வேற வழியில்லைங்க" என்று அதிகாரி கையை விரிப்பார்.

மூன்றாவது, உடைந்தால் யார் சரிசெய்வார்? கோயம்புத்தூரில் படிக்கும் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் உன் டிராயிங்கைக் காட்டு. "இந்த ஷாஃப்ட் வளையும் கண்ணு", "இந்த சீல் மூணு மாசம் தாங்காது" என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பம்பு செய்து வளர்ந்த ஊர் இது. வெளிநாட்டுப் பாகம் இல்லாமல் இங்கேயே கடைய முடிகிற மாதிரி வடிவமைத்தால் உன் மெஷின் உன்னைத் தாண்டியும் வாழும்.

நான்காவது, அது யாருக்குச் சொந்தமாகும்? இதை எந்த ரிவ்யூவிலும் கேட்க மாட்டார்கள். மெஷின் முதலாளிக்குப் போய், இவ்வளவு நாள் உயிரைப் பணயம் வைத்தவர் வேலையும் இழந்தால் அதற்குப் பெயர் விடுதலையா? 2019-ல் தில்லி அரசு குறுகலான சந்துகளுக்குள் போகும் அளவில் 200 சிறிய சாக்கடை சுத்தம் செய்யும் வண்டிகளை இறக்கியது. அவற்றைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தினருக்கும் தலித் தொழில்முனைவோருக்கும் சொந்தமாக்கி, குடிநீர் வாரியமே அவர்களுக்கு ஒப்பந்தம் கொடுக்கும் ஏற்பாடு செய்தது. அண்ணல் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்கப் பணிகளில் அவர் பங்கு பெரிது. அணையும் மின்சாரமும் நமக்குச் சம்பந்தமில்லாத டெக்னிக்கல் சமாச்சாரம் என்று அவர் ஒதுக்கவில்லை. வண்டியின் உரிமைப் பத்திரமும் ஒரு டிசைன் பாராமீட்டர் என்று நீ ரிப்போர்ட்டில் எழுது.

ஐந்தாவது, சோதனை. எந்தக் காரணத்துக்காகவும், ஒரு நிமிடத்துக்குக்கூட, யாரையும் டேங்குக்குள் இறக்கி அளவெடுக்காதே. நீயும் இறங்காதே. பிளாஸ்டிக் டிரம்மில் களிமண், சாணி, தண்ணீர் கலந்து நாலு நாள் இறுகவிட்டுச் சோதிக்கலாம்.

கடைசியாக, வாங்காதே. ரெடிமேட் ப்ராஜெக்ட்டைத்தான் சொல்கிறேன். நீ செய்தது பாதி ஓடினாலும் ஏன் ஓடவில்லை என்று உனக்குச் சொல்லத் தெரியும். நான் எட்டு வருடம் இன்டர்வியூக்களில் "யுவர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்?" என்ற கேள்விக்குப் பயந்தவன்.

*

தங்கை பேட்ச் மாற்றிக்கொண்டாள். தறிக்கார வீட்டிலிருந்து வரும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து நாடா ப்ராஜெக்ட். கைடிடம் தானே போய்ப் பேசியிருக்கிறாள். "எங்கப்பாவோட ஃபீல்டு இதுங்க சார்" என்றாளாம். அவர் ஒரு நிமிடம் விழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு போன். அவளுடைய பழைய பேட்சில் ஒருவன்.

"அண்ணா, நாங்க மூணு பேரும் அந்த செப்டிக் டேங்க் டாபிக்கையே பண்ணலாம்னு இருக்கோம்ங்ண்ணா. ஆனா நாங்க அந்தக் கம்யூனிட்டி இல்ல. பண்ணுனா தப்பாயிருமா?"

"தப்பில்ல தம்பி. நீங்கதான் பண்ணணும். முதல்ல ஒண்ணு செய். உங்க வீட்டு செப்டிக் டேங்க் மூடி எத்தனை இஞ்ச்னு அளந்துட்டு வா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருபத்தோரு வயது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறான். மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. டேப் வைத்து அளந்திருந்தான். பதினெட்டுக்குப் பதினெட்டு இஞ்ச். மூடி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மேலே மூன்றடி உயரம்கூட இல்லை. "நாங்க வரைஞ்ச மெஷின் ஆறடிங்ண்ணா. இங்க நிக்கவே நிக்காது" என்று எழுதியிருந்தான். மூன்று வாரம் சாலிட்வொர்க்ஸில் வரைந்தது ஒரு டேப்பில் செத்துவிட்டது. இன்ஜினியரிங் அங்கேதான் தொடங்குகிறது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ்.

"இதை யாரு வந்து க்ளீன் பண்ணுவாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். ‘யாராச்சும் வருவான், உனக்கெதுக்கு அது’ன்னு திட்டறாரு."

நான் பதில் அனுப்பினேன்: "அந்த யாராச்சும் யாருன்னு கண்டுபிடி தம்பி. அவர் பேரைக் கேளு. வாங்க, போங்கன்னு பேசு. உன் ரிப்போர்ட்டோட முதல் பக்கம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்."

ஜெய் பீம்.